வம்சத்தில் வரும் வயிற்றுப் புற்றுநோய்: சாபமா, மரபணுவா?



ஒரு வீட்டில் தகப்பன் வயிற்றுப் புற்றுநோயினால் மரிக்கிறார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய தங்கைக்கும் அதே வியாதி. பின்பு நாற்பது வயதைக்கூட எட்டாத மூத்த மகனுக்கும் அதே வியாதி. அப்படிப்பட்ட வீட்டைக் குறித்து ஊரார் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "அந்தக் குடும்பத்தின்மேல் ஏதோ சாபம் இருக்கிறது" என்பார்கள். பெண் கொடுக்கத் தயங்குவார்கள். வீட்டாரும் வெட்கத்தினாலும் பயத்தினாலும் வியாதியின் பெயரையே மறைத்து, "வயிற்றுவலியில் போய்விட்டார்" என்று மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட துக்கத்தை நம்மைப் பார்க்கிலும் அதிகமாய் அனுபவித்த ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை இந்த மாதம் உங்களுக்கு முன்பாக வைக்கிறோம். அவர்கள் நமக்கு வெகு தூரத்தில் இருக்கிறவர்கள். ஆகிலும் அவர்களுடைய கேள்வி நம்முடைய கேள்விதான்.

நியூசிலாந்தில் ஒரு குடும்பம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், பே ஆஃப் பிளென்டி என்னும் கடலோரப் பகுதியில், மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பம் வாழ்கிறது. மாவோரிகள் அத்தேசத்தின் பூர்வீகக் குடிகள். அவர்களிடத்தில் குடும்பம் என்பது தாய் தகப்பன் பிள்ளைகளோடு முடிவதில்லை. பல தலைமுறைகளும் கிளைகளும் சேர்ந்ததே குடும்பம். இந்தக் குடும்பத்தில் வயிற்றுப் புற்றுநோய் மீண்டும் மீண்டும் வருவதை 1964-ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவர் கவனித்து அங்குள்ள மருத்துவ இதழில் எழுதியிருந்தார். அதற்குப் பின்பும் மரணங்கள் நிற்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் இருபத்தைந்து பேர் அளவில் மரித்தார்கள். மரித்தவர்களில் இளையவருக்கு வயது 14.

குடும்பத்தில் சிலர் இதை முன்னோர்களின் தவற்றினால் வந்த சாபம் என்று எண்ணினார்கள். வெளியே இருந்தவர்களோ அவர்களுடைய உணவைக் குறை கூறினார்கள். ஆனால் ஒரே உணவை உண்ட கணவனுக்கு வராத வியாதி மனைவிக்கும், அவளுடைய சகோதரருக்கும், அவள் பெற்ற பிள்ளைக்கும் வருவானேன்? இரத்த சம்பந்தத்தின் வழியே இது போகிறது என்பதைக் குடும்பத்தார் தாங்களே உணர்ந்தார்கள்.

1990-களின் நடுவில் அவர்கள் டனீடன் நகரத்திலுள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகளை அணுகினார்கள். பாரி கில்ஃபோர்ட் என்னும் மரபணு ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். குடும்பத்தார் வெறும் இரத்தம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. யாருக்கு யார் பிறந்தார், யார் எந்த வயதில் எந்த வியாதியால் மரித்தார் என்னும் வம்ச அட்டவணையை அவர்களே தொகுத்துக் கொடுத்தார்கள். 1998-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தபோது, அதை எழுதியவர்களின் வரிசையில் குடும்பத்தாரின் பெயர்களும் இடம்பெற்றன.

கண்டுபிடிக்கப்பட்ட காரணம் என்ன? சி.டி.எச்.1 என்னும் ஒரே மரபணுவில் ஏற்பட்ட ஓர் எழுத்துப் பிழை! குடும்பத்தை அலைக்கழித்த பெரும் துயரம் ஓர் எழுத்தின் மாற்றத்தினால் வந்தது.

செல்களை ஒட்டவைக்கும் பசை

அந்த மரபணு செய்கிற வேலை என்ன என்று பார்ப்போம்.

நம் இரைப்பையின் உட்சுவர், அடுக்கிவைத்த செங்கற்களைப் போல நெருக்கமாய் ஒட்டியிருக்கும் செல்களால் ஆனது. செங்கல்லுக்குச் சாந்து எப்படியோ, செல்களுக்கு ஈ-கேடரின் என்னும் புரதம் அப்படி. ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலிருந்தும் இப்புரதம் வெளியே நீண்டு, அடுத்த செல்லிலிருந்து நீளும் அதே புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. இப்படிப் பற்றிக்கொள்ளச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தேவை. கேடரின் வகைப் புரதங்களை 1980-களில் கண்டறிந்து பெயரிட்டவர் ஜப்பானைச் சேர்ந்த மசாதோஷி தகேய்ச்சி. இவற்றுள் ஈ-கேடரினைச் செய்வதற்கான கட்டளைதான் சி.டி.எச்.1 மரபணுவில், பதினாறாவது குரோமோசோமில், எழுதப்பட்டிருக்கிறது.

இவ்விதமான மரபணுக்களைப் புற்றுநோய் அடக்கும் மரபணுக்கள் என்கிறார்கள். வண்டியின் பிரேக்கைப் போன்றவை இவை. பிரேக் இருக்கும்வரை அதன் அருமை தெரியாது. அறுந்துபோனபோதுதான் ஆபத்து விளங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகளாய் இருக்கிறது. ஒன்று தகப்பனிடமிருந்து, மற்றொன்று தாயிடமிருந்து. ஒரு பிரதி கெட்டாலும் மற்றது வேலையைச் செய்யும். ஆகையால் பிழையுள்ள பிரதியோடு பிறந்த குழந்தை நோயோடு பிறக்கிறதில்லை. ஆயுள் நாட்களில் ஏதோ ஒரு செல்லில் இரண்டாவது பிரதியும் செயலிழந்துபோனால்தான் அந்தச் செல் கட்டுப்பாட்டை மீறுகிறது. குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1971-ஆம் ஆண்டு இந்த "இரண்டு அடி" கருத்தை முன்வைத்தார். மற்றவர்களுக்கு இரண்டு அடிகளும் ஒரே செல்லில் விழுவது அபூர்வம். இக்குடும்பத்தாருக்கோ முதல் அடி பிறக்கும்போதே விழுந்துவிட்டது. ஆகவேதான் இளவயதிலேயே நோய் வருகிறது.

இரண்டாவது அடி பல வேளைகளில் எழுத்துப் பிழையாகக்கூட வருவதில்லை. மரபணுவின் முகப்பில் மெத்தில் என்னும் வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு, அதை வாசிக்க முடியாதபடி மூடிவிடுகிறது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது, ஆனால் முத்திரையிடப்பட்டிருக்கிறது.

நோய் பரவும் விதம்

வயிற்றுப் புற்றுநோய் எல்லாம் ஒரே வகையல்ல. 1965-ஆம் ஆண்டு பின்லாந்தைச் சேர்ந்த பெக்கா லாரன் என்னும் நோய்க்குறியியல் மருத்துவர் அதை இரண்டு பெரிய வகைகளாய்ப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் பயன்படுகிறது.

முதல் வகையில், செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகவோ புண்ணாகவோ வளர்கின்றன. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது இது. பல ஆண்டுகள் நீடித்த இரைப்பை அழற்சியின் முடிவில், படிப்படியாய் உருவாகிறது. எண்டோஸ்கோபிக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது வகை, பரவல் வகை. இங்கே ஈ-கேடரின் என்னும் சாந்து இல்லாதபடியினால் செல்கள் கட்டியாய்ச் சேருவதில்லை. தனித்தனியாய்ப் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவுகின்றன. உள்ளே சளிப்பொருள் நிரம்பி, உட்கரு ஓரமாய்த் தள்ளப்பட்டு, நுண்நோக்கியில் கல் பதித்த மோதிரத்தைப் போல இச்செல்கள் காணப்படும். மேற்பரப்பு நன்றாயிருக்க, சுவருக்குள்ளே நோய் நடமாடும். இரைப்பை விரியும் தன்மையை இழந்து தோல் பையைப் போல் விறைத்துவிடும். ஆகையால்தான் இவ்வகை பல வேளைகளில் காலந்தாழ்ந்து கண்டுபிடிக்கப்படுகிறது. மாவோரிக் குடும்பத்தில் இருந்தது இதுவே.

ஒட்டும் தன்மையை இழந்த செல், பின்பு எங்கே போகும்? நான்கு வழிகள் உண்டு. பக்கத்திலுள்ள உறுப்புகளுக்குள் நேராகவே நுழையலாம். நிணநீர்க் குழாய் வழியாய் நெறிக்கட்டிகளுக்குப் போகலாம். இடது காரை எலும்பின்மேல் தோன்றும் கட்டி சில வேளைகளில் வயிற்றிலுள்ள புற்றுநோயின் அடையாளமாய் இருக்கிறது. இரத்தத்தின் வழியே கல்லீரலை அடையலாம். இரைப்பைச் சுவரைத் துளைத்து வெளியேறி, வயிற்றறை முழுவதும் விதை தெளித்ததுபோல் விழலாம். அப்போது வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், பெண்களுக்குச் சினைப்பையிலும் கட்டி தோன்றலாம். பரவல் வகைக்கு இந்த நான்காவது வழியே அதிக விருப்பமானது.

தொப்புளில் தோன்றும் கடினமான முடிச்சும் இப்படிப்பட்ட ஓர் அடையாளமே. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்து மருத்துவமனையில் அறுவைசிகிச்சைக்கு உதவியாளராய் ஊழியஞ்செய்த ஒரு கன்னியாஸ்திரீ, நோயாளிகளைச் சுத்தம் செய்யும்போது இதைக் கவனித்து மருத்துவரிடம் சொன்னார். அவரை நினைவுகூரும்படி அந்த முடிச்சு இன்றும் சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு என்றே மருத்துவ நூல்களில் அழைக்கப்படுகிறது. நோயாளியின் அருகே உண்மையாய் நிற்கிறவர்களின் கண்களுக்குப் பெரிய கருவிகளுக்குத் தப்பியதும் புலப்படும்.

வம்சத்தில் இல்லாதவர்களுக்கும் வருகிறதே?

ஆம். வம்சத்தில் இறங்கிவரும் மரபணுப் பிழையினால் உண்டாகும் வயிற்றுப் புற்றுநோய் நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படாது. மற்றவர்களுக்கு இந்தக் காவல் மரபணுக்கள் பிறந்த பின்பே, இரைப்பையின் செல்களில் மாத்திரம் கெட்டுப்போகின்றன. அது பிள்ளைகளுக்குப் போவதில்லை.

அப்படிக் கெடுகிறவற்றில் முதன்மையானது டி.பி.53 மரபணு. 1979-ஆம் ஆண்டு இதன் புரதம் கண்டுபிடிக்கப்பட்டபோது, இதுவே புற்றுநோயை உண்டாக்குகிறது என்று விஞ்ஞானிகள் தவறாய் எண்ணினார்கள். பத்தாண்டுகளுக்குப் பின்புதான் இது உண்மையில் புற்றுநோயைத் தடுக்கும் காவலன் என்று விளங்கியது. செல்லின் மரபுப்பொருள் சேதமடைந்தால், அந்தச் செல் பிரிவதை இது நிறுத்துகிறது. பழுதைச் சரிசெய்ய நேரம் தருகிறது. சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல் தானாகவே மடியும்படி செய்கிறது. இந்தக் காவலன் இல்லாத செல் தன் பிழைகளோடேயே பெருகுகிறது. 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்று 295 வயிற்றுப் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்து நான்கு வகைகளாய்ப் பிரித்தது. அவற்றில் பாதியளவு, குரோமோசோம்கள் நிலைகுலைந்த வகை. அந்த வகையில் பெரும்பாலானவற்றில் டி.பி.53 கெட்டிருந்தது.

இந்தக் கேட்டுக்குத் தூண்டுகோல் எது? ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே முதற்காரணம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகியோர் 1982-இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். உலகம் நம்பாதபோது மார்ஷல் 1984-இல் அக்கிருமிகளைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு உள்ளாகி நிரூபித்தார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-லேயே இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. நம் தேசத்தில் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் இக்கிருமி இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. புகையிலை, அதிக உப்பிட்ட உணவு, புகையில் வாட்டிய இறைச்சி ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. இந்தியாவிலேயே வயிற்றுப் புற்றுநோய் மிக அதிகமாயுள்ள மிசோரத்தில், புகையிலைப் புகையை நீரில் ஏற்றி வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் புகையூட்டிய இறைச்சியும் காரணங்களாய்ச் சொல்லப்படுகின்றன. பெருநகரங்களில் சென்னையிலும் பெங்களூரிலும் இந்நோய் மும்பை, டெல்லியைவிட அதிகம்.

அறிந்த பின்பு என்ன செய்வது?

மாவோரிக் குடும்பத்துக்குத் திரும்புவோம். காரணம் தெரிந்தது, ஆனால் அறிவு ஒரு பாரத்தையும் கொண்டுவந்தது. பிழையுள்ள மரபணு இருக்கும் தாய் அல்லது தகப்பனிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு. இரத்தப் பரிசோதனையில் "உண்டு" என்று வந்தவர் என்ன செய்வார்? எண்டோஸ்கோபியோ இந்த வகையை எளிதில் காண்பதில்லை.

ஆகவே அவர்களில் அநேகர் கடினமான ஒரு தீர்மானத்தை எடுத்தார்கள். வலியில்லாமல், பசியெடுத்து, நன்றாய் உண்டு நடமாடும் காலத்திலேயே முழு இரைப்பையையும் அறுவைசிகிச்சையால் அகற்றிக்கொண்டார்கள். அகற்றிய இரைப்பைகளை நுண்நோக்கியில் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் மோதிர வடிவச் செல்களின் சிறுசிறு கூட்டங்கள் காணப்பட்டன, சிலவற்றில் நூற்றுக்கணக்கில்! எண்டோஸ்கோபி "ஒன்றுமில்லை" என்று சொன்னவர்களுடைய இரைப்பைகளும் இப்படியே இருந்தன.

இரைப்பையின்றி வாழ முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். கொஞ்சங்கொஞ்சமாய்ப் பலமுறை சாப்பிட வேண்டும், நன்றாய் மெல்ல வேண்டும், எடை குறையும், ஆயுள் முழுவதும் வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இலகுவான வாழ்வல்ல. ஆகிலும் இந்தச் சிகிச்சைக்குப் பின் குழந்தை பெற்ற தாய்மாரும் உண்டு.

எல்லாரும் இதைச் செய்தே தீரவேண்டுமா? முன்பு கணக்கிட்டதைவிட ஆபத்து குறைவு என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆதியில் இந்த மரபணுப் பிழையுள்ள ஆண்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு எண்பது வயதுக்குள் நோய் வரும் என்றார்கள். 2019-இல் வந்த கணக்கு ஏறக்குறைய நாற்பது என்றது. அதற்குப் பிந்தைய கணக்குகள் இன்னும் குறைவாகவும் உள்ளன. இரைப்பையில் உறங்கும் அந்தச் சிறு கூட்டங்களில் பெரும்பாலானவை எழும்புவதேயில்லை. 2020-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் இருபது முதல் முப்பது வயதுக்குள் அறுவைசிகிச்சையைக் குறித்து ஆலோசிக்கச் சொல்கிறது. விரும்பாதவர்கள் அனுபவமுள்ள மருத்துவரிடம் ஆண்டுதோறும் எண்டோஸ்கோபி செய்து, முப்பது இடங்கள் அளவில் திசு எடுத்துச் சோதிக்கலாம். பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோயின் ஆபத்தும் நூற்றுக்கு நாற்பது அளவில் இருப்பதால், முப்பது வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை மார்பக எம்.ஆர்.ஐ. பரிசோதனை வேண்டும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

பிரியமான வாசகரே, பிழைப்பின் நிமித்தம் ஊரைவிட்டு மும்பைக்கும் டெல்லிக்கும் வந்துவிட்ட நம்மில் அநேகருக்குத் தாத்தா எதினால் மரித்தார் என்றே தெரியாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். "வயிறு வீங்கிப் போனார்", "சாப்பாடு இறங்காமல் போனார்" என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் வயதோடு எழுதி வையுங்கள். வம்ச அட்டவணைகளை வேதத்தில் வாசிக்கிற நமக்கு இது புதிதல்லவே.

பின்வருபவை உங்கள் குடும்பத்தில் இருந்தால் மருத்துவரிடம் மரபணு ஆலோசனையைக் குறித்துக் கேளுங்கள்: இரண்டு பேருக்கு வயிற்றுப் புற்றுநோய் வந்து, அதில் ஒன்றாவது பரவல் வகையாய் இருத்தல்; ஐம்பது வயதுக்குள் ஒருவருக்குப் பரவல் வகை வருதல்; ஒருவருக்குப் பரவல் வகை வயிற்றுப் புற்றுநோயும் மற்றொருவருக்கு லோபுலர் என்னும் வகை மார்பகப் புற்றுநோயும் வருதல்; பரவல் வகையோடு குடும்பத்தில் உதடு பிளந்து பிறந்தவர்கள் இருத்தல். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் இவ்வாலோசனை உண்டு. நோயுற்றவர் உயிரோடிருக்கும்போதே முதலில் அவருக்குப் பரிசோதனை செய்வது நல்லது. பிழை எங்கே என்று தெரிந்தால் மற்றவர்களுக்குச் சோதிப்பது எளிதாகும்.

வம்சத்தில் இல்லாதவர்களும் அசட்டையாய் இருக்க வேண்டாம். வாரக்கணக்கில் நீடிக்கும் அஜீரணம், கொஞ்சம் சாப்பிட்டவுடனே வயிறு நிரம்புதல், காரணமில்லாமல் மெலிதல், விழுங்கக் கஷ்டம், கறுப்பாய் மலம் போகுதல், இரத்தசோகை ஆகியவற்றைக் "கேஸ் தொல்லை" என்று சொல்லி, கடை மாத்திரையால் மூடிவைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டால் ஜப்பானில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். முற்றியபின் வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கடைசியாக, அந்தச் சாபக் கேள்வி. பிதாக்கள் புளித்த திராட்சையைத் தின்றதைப் பற்றிய பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்டித்ததை நீங்கள் அறிவீர்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்ட சீஷருக்குக் கிடைத்த மறுமொழியையும் அறிவீர்கள். ஓர் எழுத்துப் பிழையைச் சுமந்து பிறந்த பிள்ளை எவருடைய பாவத்தையும் சுமக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டாருக்காக ஜெபியுங்கள். ஜெபித்து எழுந்து, பரிசோதனைக்கு அவர்களோடு நீங்களும் போங்கள். சபையில் அவர்களைக் குறித்துப் பேசுகிறவர்களின் வாயை அன்போடு அடையுங்கள்.

அந்த மாவோரிக் குடும்பத்தார் வெட்கப்பட்டு மௌனமாய் இருந்திருந்தால், அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் ஒருவர்பின் ஒருவராய் மரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாய்திறந்து பேசினார்கள். அதினால் தங்கள் பிள்ளைகளை மாத்திரமல்ல, தாங்கள் ஒருபோதும் கண்டிராத தேசங்களிலுள்ள குடும்பங்களையும் காப்பாற்றினார்கள். உங்கள் வீட்டில் மறைத்துவைத்திருக்கும் வியாதியின் பெயரை, இன்றே உங்கள் சகோதரருக்கும் சகோதரிக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள்.